ஏழை ஏன் ஏழையாகவே இருக்கிறான்?

(கீழத் தஞ்சைப் பகுதியில் விவசாயத் தொழிலாளர்களுக்கும் சிறு விவசாயிகளுக்கும் நடந்த அரசியல் வகுப்பில் நிகழ்த்திய உரை)



இன்றைய வகுப்பின் விஷயம் வறுமை. வறுமை என்றால் என்ன என்று உங்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. நடவு முடிந்து அறுப்பு வருவதற்கு இடையிலுள்ள மாதங்களில் அடுப்பு எப்படி எரிகிறது என்பது உங்களுக்குத் தெரிந்த அளவு எந்த நிபுணருக்கும் தெரியாது. ஆனால் உலகெங்கும் வறுமையைப் பற்றி ஆராய்ச்சி நடக்கிறது. அந்த ஆராய்ச்சியைக் காட்டிச் சர்க்கார்கள் திட்டம் தீட்டுகின்றன, திட்டத்தை மாற்றுகின்றன, சில சமயம் நிறுத்தியும் விடுகின்றன. நம்மைப் பற்றி இவ்வளவு பேச்சு நடக்கும்போது, அதில் எது உண்மை, எது பொய் என்று பிரித்துப் பார்க்க நமக்குத் தெரிய வேண்டாமா?

டீக்கடைப் பெஞ்சிலும் பஸ்ஸிலும் கல்யாணப் பந்தியிலும் மூன்று பேச்சுகளை நாம் அடிக்கடி கேட்கிறோம். முதல் பேச்சு: "ஏழை சோம்பேறி, உழைக்க மாட்டான், அதனால்தான் ஏழையாக இருக்கிறான்." இரண்டாவது: "ஏழை கையில் பணத்தைக் கொடுத்தால் குடித்துத் தீர்ப்பான், விலைவாசியும் ஏறிவிடும்." மூன்றாவது: "நூறு நாள் வேலை வந்த பிறகு விவசாயமே கெட்டுப்போயிற்று." இந்த மூன்றையும் எடுத்துக்கொள்வோம். இவற்றுக்கு நாம் கோபத்தால் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆராய்ச்சிக்காரர்களே ஊர் ஊராகச் சென்று, வீடு வீடாகக் கணக்கெடுத்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கைக் கொண்டே பதில் சொல்வோம்.

கோடு நகர்ந்தது, குடிசை நகரவில்லை

முதலில் ஓர் எச்சரிக்கை. உலகில் ஏழைகள் எத்தனை பேர் என்ற கேள்விக்கு உலக வங்கி ஒரு கோடு போட்டு விடை சொல்கிறது. ஒரு நாளைக்கு இத்தனை டாலருக்குக் கீழே வாழ்கிறவன் கடும் வறுமையில் இருக்கிறான் என்பது அந்தக் கோடு. 1990-ல் அது ஒரு டாலர். பிறகு பல தடவை மாறிற்று. 2022-ல் 2.15 டாலர் ஆயிற்று. 2025 ஜூன் மாதத்தில் 3 டாலர் ஆயிற்று. இந்த டாலர் நாணயமாற்று நிலையத்தில் கிடைக்கும் டாலர் அல்ல. அந்தந்த நாட்டு விலைவாசிக்கு ஏற்பச் சரிசெய்து எடுத்த கணக்கு.

கோட்டை மாற்றியதும் என்ன நடந்தது? 2022-ம் ஆண்டுக்குரிய பழைய கணக்கில் உலகில் சுமார் 71 கோடிப் பேர் கடும் வறுமையில் இருந்தார்கள். அதே ஆண்டுக்குப் புதிய கணக்கில் சுமார் 84 கோடிப் பேர்! ஏறத்தாழ 12½ கோடிப் பேர் ஒரு நாளில் ஏழைகள் பட்டியலில் சேர்ந்துவிட்டார்கள். அன்றைக்கு எந்த வீட்டிலும் அடுப்பு அணையவில்லை. எந்த வீட்டிலும் புதிதாக எரியவுமில்லை.

எண்ணிக்கை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. எண்ணாமல் விட்டால், ஏழையே இல்லை என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் எத்தனை பேர் என்ற கேள்வியோடு நின்றுவிட்டால், ஏன் என்ற கேள்வி மறைந்துபோகும். நமக்கு அந்த 'ஏன்' வேண்டும்.

வயலில் பிறந்த முறை

இப்போது வறுமை ஆராய்ச்சியில் ஒரு முறை பிரபலமாக இருக்கிறது. 2019-ல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரெமர் ஆகிய மூவரும் இந்த முறைக்காகத்தான் அந்தப் பரிசைப் பெற்றார்கள். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். இது நம் வயலில் பிறந்த முறை.

ஒரு புது உரம் வருகிறது. அது நல்லதா என்று எப்படிப் பார்ப்போம்? நல்ல பாத்தியில் போட்டுப் பார்த்துவிட்டு, விளைந்தது உரத்தால் என்று சொன்னால் நம்புவோமா? மண்ணால் விளைந்திருக்கலாமே! ஆகவே பாத்திகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, பாதிக்கு உரம் போட்டு, பாதிக்குப் போடாமல், இரண்டையும் அறுத்து அளந்து பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் என்னும் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் 1920-களில் ஃபிஷர் என்ற விஞ்ஞானி இதை ஒரு சாஸ்திரமாக ஆக்கினார். இப்போது பாத்திக்குப் பதில் கிராமம். உரத்துக்குப் பதில் திட்டம். முறை அதுதான்.

முதல் பொய்: "ஏழை சோம்பேறி"

வங்காளதேசத்துக்குப் போவோம். அங்கே பிராக் என்ற ஸ்தாபனம், கிராமங்களில் ஏழையிலும் ஏழையான பெண்களைத் தேர்ந்தெடுத்து, கடனாக அல்லாமல் சொந்தமாகவே ஒரு சொத்தைக் கொடுத்தது. பெரும்பாலும் அது ஒரு பசுமாடு. வளர்க்கப் பயிற்சியும் கொடுத்தது. 2007-ம் ஆண்டு தொடங்கி 11 ஆண்டுக் காலம் 6,000 குடும்பங்களின் நிலைமையை ஆராய்ச்சியாளர்கள் தொடர்ந்து பார்த்தார்கள். அந்த ஆய்வு 2022-ல் வெளியாயிற்று. அதன் தலைப்பே, மக்கள் ஏன் ஏழையாகவே இருக்கிறார்கள் என்ற கேள்விதான்.

கண்டது என்ன? சொத்து ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டிய குடும்பங்கள், அதன் பிறகு தாமாகவே மேலும் மேலும் சேர்த்துக்கொண்டு ஏறின. அந்த அளவுக்குக் கொஞ்சம் குறைவாக நின்றுவிட்ட குடும்பங்கள், மறுபடியும் பழைய நிலைக்கே சரிந்தன. மாடு கொடுத்தவர் ஒருவரே. பயிற்சியும் ஒன்றே. வேறுபாடு, தொடங்கும்போது கையில் இருந்த சிறு சொத்தில் இருந்தது.

கிணற்றில் விழுந்தவனுக்குக் கயிறு போடுகிறோம். கயிறு கைக்கு எட்டினால் ஏறிவிடுவான். ஒரு முழம் குறைந்தால்? அவன் எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் உள்ளேயேதான் இருப்பான். மேலே நிற்கிறவன் எட்டிப் பார்த்து, "ஏறத் தெரியாத சோம்பேறி" என்கிறான்! அந்தப் பெண்கள் முன்பு என்ன செய்துகொண்டிருந்தார்கள்? பிறர் வீட்டில் பாத்திரம் தேய்த்தார்கள். பிறர் வயலில் கூலிக்கு நின்றார்கள். உழைக்காமல் இருக்கவில்லை. அதைவிட நல்ல உழைப்பைத் தேர்ந்தெடுக்கக் கையில் முதல் இல்லை. அவ்வளவே.

இரண்டாவது பொய்: "பணம் கொடுத்தால் பாழாகும்"

அடுத்து ஆப்பிரிக்காவில் கென்யா நாடு. அங்கே சியாயா என்ற வட்டாரத்தில் 653 கிராமங்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்தார்கள். 10,500-க்கு மேற்பட்ட ஏழைக் குடும்பங்களுக்கு, குடும்பத்துக்குச் சுமார் 1,000 டாலர் வீதம், திருப்பிக் கேட்காத பணம் கொடுக்கப்பட்டது. அந்த வட்டாரத்தின் ஓராண்டு உற்பத்தி மதிப்பில் 15 சதவீதத்துக்கு மேல் வரும் தொகை அது. விலைவாசி குதித்து ஏற வேண்டுமானால், ஏறுவதற்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடையாது.

விலைவாசி ஏறவில்லை, ஏறியது சொற்பத்திலும் சொற்பம். ஏழை கையில் வந்த காசு கூரைக்கும் உணவுக்கும் சாமானுக்கும் போயிற்று. கடைக்காரனுக்கு வியாபாரம் வந்தது. கடைக்காரன் ஆள் வைத்தான். பணம் வாங்காத குடும்பத்துக்கும் வருமானம் கூடிற்று. கொடுத்த ஒவ்வொரு டாலரும் அந்த வட்டாரத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்து, சுமார் இரண்டரை டாலர் அளவுக்குப் பொருளாதாரத்தைப் பெருக்கிற்று. இது 2022-ல் வெளியான கணக்கு.

குடித்துத் தீர்ப்பான் என்ற பேச்சையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பல நாடுகளில் நடந்த 19 ஆய்வுகளைத் தொகுத்து 2017-ல் ஒரு கட்டுரை வந்தது. ரொக்கம் கொடுத்ததால் மதுவுக்கும் புகையிலைக்கும் செலவு கூடியது என்பதற்கு அதில் ஆதாரம் கிடைக்கவில்லை. எழுதியவர்கள் உலக வங்கியைச் சேர்ந்தவர்கள். நம் கட்சிக்காரர்கள் அல்ல! குடியினால் நம் குடும்பங்கள் அழிகிற உண்மையை நாம் மறைக்கவில்லை. அதை எதிர்த்து நம் தாய்மார்கள் கடைக்கு முன்னால் நின்று போராடியும் இருக்கிறார்கள். ஆனால் குடியைக் காட்டி ஏழைக்குச் சேர வேண்டியதை நிறுத்துகிறவன், குடியை ஒழிக்க வந்தவன் அல்ல.

மூன்றாவது பொய்: "நூறு நாள் வேலை விவசாயத்தைக் கெடுத்தது"

இப்போது நம் வாசலுக்கே வருகிறோம்.

வேலை பெறுவது உரிமை என்ற எண்ணம் ஒரு நாளில் வந்ததல்ல. மகாராஷ்டிரத்தில் 1972-73-ல் வந்த கொடிய வறட்சியின்போது லட்சக்கணக்கான ஜனங்கள் நிவாரண வேலைகளில் கல் உடைத்தார்கள். அந்த அனுபவத்திலிருந்து 1977-ல் அங்கே வேலை உறுதிச் சட்டம் பிறந்தது. பிறகு பல ஆண்டுக் கிளர்ச்சிக்கும் விவாதத்துக்கும் பின், 2005-ல் இந்தியா முழுமைக்குமான கிராமப்புற வேலை உறுதிச் சட்டம் வந்தது. குடும்பத்துக்கு ஆண்டில் 100 நாள் வேலை; கேட்ட 15 நாளுக்குள் கொடுக்காவிட்டால் வேலையில்லாப் படி. தமிழ்நாட்டில் இதில் வேலைக்கு வந்தவர்களில் மிகப் பெரும்பான்மையோர் பெண்கள் என்பதை இங்கே அமர்ந்திருக்கும் தாய்மார்களே சொல்வார்கள்.

இந்தச் சட்டம் என்ன செய்தது? தெலங்கானா பிரிவதற்கு முந்திய ஆந்திரப் பிரதேசத்தில் இதைச் சோதித்துப் பார்க்க ஒரு வாய்ப்பு வந்தது. 2010 முதல் 2012 வரை, 8 மாவட்டங்களில், 157 மண்டலங்களில், கூலி பட்டுவாடா செய்யும் முறையை அந்தச் சர்க்கார் சீர்திருத்திற்று. எந்த மண்டலத்தில் முதலில், எதில் பின்னால் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தார்கள். அந்தப் பகுதிகளின் ஜனத்தொகை 1 கோடியே 90 லட்சம். சீர்திருத்தம் வந்த இடங்களில் கூலி சீக்கிரம் வந்தது. இடையில் விழுங்கப்படுவது குறைந்தது. கார்த்திக் முரளிதரன், பால் நீஹவுஸ், சந்தீப் சுக்தங்கர் ஆகிய மூவரும் இதை ஆராய்ந்தார்கள். அவர்களுடைய இறுதி முடிவு 2023-ல் வெளியாயிற்று.

திட்டத்தில் சேர்ந்திருந்த குடும்பங்களின் சம்பாத்தியம் 14 சதவீதம் உயர்ந்தது. வறுமை 26 சதவீதம் குறைந்தது. இதுவரை சரி. ஆனால் அடுத்த கணக்கைக் கவனியுங்கள். கூடுதலாக வந்த வருமானத்தை நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அதில் திட்ட வேலையிலிருந்து வந்தது 14 ரூபாய்தான். மீதி 86 ரூபாய் எங்கிருந்து வந்தது? திட்டத்துக்கு வெளியேயிருந்து வந்தது! தனியார் வேலையில் கூலி உயர்ந்தது. தனியார் வேலை கிடைப்பதும் கூடிற்று.

எப்படி? இதை நாம் ஊர் பாஷையில் சொல்லிக்கொள்வோம். காலையில் வாசலில் வந்து நின்று, "இந்தக் கூலிக்கு வருகிறாயா இல்லையா?" என்று கேட்கிறார் நிலக்காரர். வேறு வழியில்லாதவள் என்ன சொல்வாள்? "வருகிறேன் ஐயா" என்பாள். வேறு வேலை ஒன்று இருக்கிறது, அதன் கூலி ஒழுங்காகக் கைக்கு வருகிறது என்றால்? "இந்தக் கூலிக்கு வேண்டாம்" என்று சொல்ல அவளுக்கு ஒரு பலம் வருகிறது. அவள் ஏரி வெட்டப் போக வேண்டியதுகூட இல்லை. போக முடியும் என்பதே போதும். அந்த 'வேண்டாம்' என்ற சொல்லின் விலைதான் அந்த 86 ரூபாய்.

வேலை கெட்டுப்போயிற்றா? கூலி ஏறினால் வேலை குறையும் என்று பாடப் புத்தகம் சொல்லும். இங்கே கூலியும் ஏறிற்று, தனியார் வேலையும் கூடிற்று. எங்கே அதிகமாகக் கூடிற்று தெரியுமா? நிலம் சிலருடைய கையில் குவிந்து கிடந்த கிராமங்களில்! அதன் அர்த்தம் என்ன? அங்கே ஒரு சிலர் கூலியை அமுக்கி வைத்திருந்தார்கள். அதனால் பலர் வேலைக்கே வராமல் இருந்தார்கள். அமுக்கிய கை தளர்ந்ததும் நியாயமான கூலிக்கு ஆட்கள் வந்தார்கள். நிலத்திலிருந்து கிடைத்த ஆதாயம் குறைந்தது என்றும் அதே ஆய்வு சொல்கிறது. ஆகவே 'கெட்டது' யாருடைய கணக்கு என்று இப்போது புரிகிறதல்லவா?

இதைக் கேட்கும்போது இந்த மண்ணில் நமக்கு ஒன்று நினைவுக்கு வராமல் இருக்காது. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்ட தகராறில், 1968 டிசம்பர் 25 இரவு, கீழவெண்மணியில் 44 பேர் ஒரு குடிசையில் எரிக்கப்பட்டார்கள். 'வேண்டாம்' என்ற சொல்லுக்கு அன்று கொடுத்த விலை அது. அந்தச் சொல்லுக்கு வறுமையைக் குறைக்கும் சக்தி உண்டு என்பதைப் பேராசிரியர்கள் 2023-ல் எழுதினார்கள். அது பேரம் பேசும் சக்தி என்பதை மிராசுதார்கள் 1968-லேயே தெரிந்து வைத்திருந்தார்கள்.

அறுபது நாள் விஷயம்

இந்த வெளிச்சத்தில் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். 2005-ம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் வைப்பதற்கென்று 2025 டிசம்பரில் மத்திய சர்க்கார் ஒரு புதுச் சட்டத்தை நாடாளுமன்றத்தில் நிறைவேற்றிற்று. விபி-ஜி ராம் ஜி என்பது அதன் சுருக்கப் பெயர். நாள் கணக்கு 100-லிருந்து 125 ஆகிறது என்று விளம்பரம் செய்கிறார்கள். 125 என்பது 100-ஐ விடப் பெரிய எண்தான். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது? பழைய சட்டத்தில் உடலுழைப்புக் கூலி முழுவதும் மத்திய சர்க்கார் பொறுப்பு. புதிய சட்டத்தில் பெரும்பாலான மாநிலங்கள் செலவில் நூற்றுக்கு 40 பங்கை ஏற்க வேண்டும். எந்த மாநிலத்துக்கு எவ்வளவு என்பதை முன்கூட்டியே மத்திய சர்க்கார் நிர்ணயிக்கும். அதற்கு மேல் போனால் மாநிலத்தின் தலையில்.

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. விதைப்பு, அறுப்புக் காலங்களில் ஆண்டுக்கு மொத்தம் 60 நாள் வரை இந்த வேலையை நிறுத்தி வைக்கலாம் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. விவசாயத்துக்கு ஆள் கிடைக்க வேண்டும் என்பது காரணம். யோசித்துப் பாருங்கள். கூலி பேரம் நடப்பது எப்போது? நடவிலும் அறுப்பிலும்தான். மாசி பங்குனியில் காய்ந்த வயலைப் பார்த்துக்கொண்டு யாரும் பேரம் பேசுவதில்லை. பேரம் நடக்கும் நாட்களைப் பொறுக்கி எடுத்து, அந்த நாட்களில் நம் கையிலுள்ள மாற்று வேலையைப் பறித்தால், 14 ரூபாய் நம்மிடம் இருக்கும். 86 ரூபாய் யாரிடம் போகும்?

சிறு விவசாயிக்கு ஒரு வார்த்தை

இங்கே ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் தோழர்களும் இருக்கிறீர்கள். "கூலி ஏறினால் நான் எங்கே போவேன்? நெல் விலை ஏறவில்லையே" என்று உங்கள் மனத்தில் ஒரு கேள்வி இருக்கும். அது நியாயமான கேள்வி. அதை மூடி மறைத்துப் பேசினால் நாம் உங்களுக்குத் தோழர்கள் அல்ல.

உங்கள் செலவுக் கணக்கை எடுத்துப் பாருங்கள். உரம், மருந்து, உழவு இயந்திர வாடகை, அறுவடை இயந்திர வாடகை, வட்டி எல்லாம் ஏறியிருக்கின்றன. அவற்றோடு நீங்கள் பேரம் பேச முடிவதில்லை. எதிரில் நிற்கும் கூலிக்காரியோடு மட்டும் பேரம் பேச முடிகிறது. ஆகவே கோபம் அவள் மேல் திரும்புகிறது. எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையில் 2004-ல் அமைந்த தேசிய விவசாயிகள் கமிஷன், சாகுபடிச் செலவுக்கு மேல் பாதியாவது சேர்த்துக் குறைந்தபட்ச ஆதரவு விலை கொடுக்க வேண்டும் என்று சிபாரிசு செய்தது. அந்தச் செலவில் கூலியும் சேர்ந்ததுதான். நியாயக் கூலி கொடுத்து, அந்தக் கூலியையும் உள்ளடக்கிய நியாய விலை வாங்குவதே உங்கள் வழி. கூலிக்காரியின் வயிற்றில் மிச்சம் பிடித்து எந்தச் சிறு விவசாயியும் கடனிலிருந்து மீண்டதில்லை.

ஆராய்ச்சி எட்டாத இடம்

சீட்டுக் குலுக்கும் ஆராய்ச்சியை நாம் இகழவில்லை. மூன்று பொய்களையும் உடைக்க அதுவே உதவிற்று. ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு மாட்டைக் குலுக்கிக் கொடுக்கலாம். ஒரு மண்டலத்துக்குச் சீர்திருத்தத்தைக் குலுக்கிக் கொடுக்கலாம். நிலத்தைக் குலுக்கிக் கொடுக்க எந்த நிலச்சுவான்தார் சம்மதிப்பார்? செல்வத்தைக் குலுக்கிக் கொடுக்க எந்தக் கோடீசுவரர் முன்வருவார்?

2022-ம் ஆண்டு உலக ஏற்றத்தாழ்வு அறிக்கை சொல்வதைக் கேளுங்கள். உலகின் சொத்தில் 76 சதவீதம், மேல்தட்டிலுள்ள 10 சதவீதம் பேரிடம் இருக்கிறது. கீழ்ப்பாதி ஜனங்களிடம், அதாவது உலகில் சரிபாதிப் பேரிடம், இருப்பது 2 சதவீதம். கிணற்றுக்குள் கயிறு ஏன் எட்டவில்லை என்ற கேள்விக்கு இங்கே பதில் இருக்கிறது. கயிறு இல்லாமல் இல்லை. மேலே சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது.

நாம் செய்ய வேண்டியது

ஆகவே தோழர்களே, இந்த வகுப்பிலிருந்து எழுந்து போகும்போது மூன்று காரியங்களைக் கையில் எடுத்துக்கொண்டு போவோம்.

முதலாவது, சட்டத்தின் பெயர் எதுவானாலும், வேலையை வாயால் கேட்க வேண்டாம், எழுத்தில் கேட்போம். தேதி போட்ட ரசீது வாங்காமல் திரும்ப வேண்டாம். ரசீது இல்லாத கோரிக்கை, கேட்காத கோரிக்கையாகக் கணக்கில் ஏறும். பிறகு "இந்த ஊரில் வேலை கேட்பாரே இல்லை" என்று அறிக்கை எழுதுவார்கள்.

இரண்டாவது, கிராம சபையில் கணக்கைப் படிக்கச் சொல்லிக் கேட்போம். எத்தனை நாள் வேலை, எவ்வளவு கூலி, எப்போது வந்தது, எத்தனை பேருக்கு வரவில்லை. ஆந்திரத்தில் வறுமையைக் குறைத்தது காகிதத்தில் இருந்த சட்டமா? கூலி ஒழுங்காகக் கைக்கு வந்தபோதுதான் அந்தச் சட்டத்துக்கு உயிர் வந்தது.

மூன்றாவது, நடவுக்கும் அறுப்புக்கும் முன்னால் கூடிப் பேசி ஒரே கூலியை முடிவு செய்வோம். சிறு விவசாயிகளையும் அந்தக் கூட்டத்துக்கு அழைப்போம். அவர்களுடைய நெல் விலைக் கோரிக்கைக்கு நாம் போய் நிற்போம். நம்முடைய கூலிக் கோரிக்கைக்கு அவர்கள் வந்து நிற்கட்டும்.

வேறு வேலை இருந்தால் ஒருத்தி 'வேண்டாம்' என்று சொல்ல முடிகிறது. ஊரே சேர்ந்து நின்றால், வேறு வேலையை நிறுத்தி வைத்த அந்த அறுபது நாளிலும் சொல்ல முடியும். அந்த அறுபது நாளுக்கு இப்போதிருந்தே தயாராவோம்!